76 வயதில் முதல் முதலிடம்: ஜெர்மானியப் பாடகர் உடோ லிண்டன்பெர்க் மறக்கப்படாதது ஏன்?

2023ஆம் ஆண்டு ஜனவரி மாதம் ஜெர்மனியில் ‘கோமெட்’ என்ற பாடல் வெளியானது. வால்நட்சத்திரம் என்பது அச்சொல்லின் பொருள். பாடியவர்கள் இருவர். ஒருவர், இருபதுகளில் இருந்த ‘அபாச்சி 207’ என்ற ராப் பாடகர். மற்றவர், அவருக்குத் தாத்தா வயதில் இருந்த உடோ லிண்டன்பெர்க். அப்பாடல் அந்நாட்டின் அதிகாரப்பூர்வத் தரவரிசையில் 21 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. அதற்கு முன் எந்தப் பாடலும் அங்கு அவ்வளவு காலம் முதலிடத்தில் நீடித்ததில்லை.

இதில் வியப்புக்குரிய செய்தி வேறொன்று. 1971ஆம் ஆண்டு முதல் இசைத்தொகுப்புகளை வெளியிட்டு வரும் லிண்டன்பெர்க்கின் தனிப்பாடல் ஒன்று முதலிடத்தைப் பிடித்தது அதுவே முதல் முறை. அப்போது அவருக்கு வயது 76. அரை நூற்றாண்டாக ஜெர்மனியில் அவரை அறியாதவர் இல்லை என்ற நிலை இருந்தும், அந்த இடம் அவருக்கு வாய்க்காமலேயே இருந்தது.

இந்திய வாசகர்களுக்கு அவரது பெயர் புதிதாக இருக்கலாம். அதற்குக் காரணமும் உண்டு. ஜெர்மனியில் உருவாகி இந்திய நகரங்களின் ஒலிநாடாக் கடைகள் வரை வந்து சேர்ந்த ‘போனி எம்’, ‘மாடர்ன் டாக்கிங்’ ஆகிய குழுக்கள் ஆங்கிலத்திலேயே பாடின. தாய்மொழியில் பாடுவதையே தன் தொழிலாகவும் அடையாளமாகவும் கொண்ட லிண்டன்பெர்க், ஜெர்மன் மொழி பேசும் நாடுகளுக்கு வெளியே பெரிதாக அறியப்படவில்லை. ஆனால் எந்த முடிவு அவரை வெளியுலகுக்கு மறைத்ததோ, அதே முடிவுதான் சொந்த நாட்டில் அவரது புகழை இத்தனை காலம் நிலைக்கச் செய்தது.

எல்லையோர நகரத்தின் டிரம்ஸ் சிறுவன்

லிண்டன்பெர்க் 1946ஆம் ஆண்டு மே 17ஆம் தேதி வெஸ்ட்ஃபாலியா வட்டாரத்தில் உள்ள குரோனாவ் என்ற சிறு நகரில் பிறந்தார். நெதர்லாந்து எல்லையை ஒட்டிய அந்நகரம் நெசவாலைகளுக்குப் பெயர் பெற்றது. தந்தை குழாய் பொருத்தும் தொழிலாளி. இரண்டாம் உலகப் போர் முடிந்து ஓராண்டே ஆகியிருந்த காலம் அது. வீட்டில் டிரம்ஸ் வாங்க வசதி இருக்கவில்லை. காலிப் பீப்பாய்களைத் தட்டியே சிறுவன் தாளம் பழகினான்.

15 வயதில் டுசெல்டோர்ஃப் நகருக்குச் சென்று, அங்குள்ள ஒரு புகழ்பெற்ற ஓட்டலில் பரிமாறுநர் வேலைக்குப் பயிற்சி பெற்றார். அந்த வேலையில் அவர் நிலைக்கவில்லை. 1960களின் தொடக்கத்தில், இன்னும் இருபது வயதுகூட நிறையாத நிலையில், லிபியாவின் திரிபோலிக்குச் சென்று அங்கிருந்த அமெரிக்க விமானப்படையினரின் கேளிக்கை விடுதிகளில் டிரம்ஸ் வாசித்தார். பின்னர் 1968இல் ஹாம்பர்க் வந்து சேர்ந்தார். பீட்டில்ஸ் குழுவினர் உலகப் புகழ் பெறுவதற்கு முன் இரவு விடுதிகளில் பாடிப் பழகிய அதே துறைமுக நகரம் அது.

ஹாம்பர்க்கில் அவர் முதலில் பாடகராக அறியப்படவில்லை. தேர்ந்த டிரம்ஸ் கலைஞராகவே அறியப்பட்டார். ஜாஸ் இசைக்கலைஞர் கிளவுஸ் டோல்டிங்கருடன் வாசித்தார். 1970ஆம் ஆண்டு நவம்பரில் ஜெர்மானியத் தொலைக்காட்சியில் ‘டாட்ஓர்ட்’ என்ற குற்றப் புலனாய்வுத் தொடர் தொடங்கியது. அதன் முகப்பிசையை டோல்டிங்கர் அமைத்தார். அதில் டிரம்ஸ் வாசித்தவர் லிண்டன்பெர்க். ஞாயிறு இரவு 8.15 மணிக்கு ஒளிபரப்பாகும் அத்தொடர் அரை நூற்றாண்டைக் கடந்தும் நின்றுவிடவில்லை. ஆகவே லிண்டன்பெர்க்கின் பாடல்களை விரும்பாத குடும்பங்களும்கூட அவரது தாளத்தைப் பல்லாண்டுகளாகக் கேட்டு வந்துள்ளன.

எந்த மொழியில் பாடுவது?

1971இல் அவரது முதல் தனி இசைத்தொகுப்பு வெளியானது. அது ஆங்கிலத்தில் அமைந்திருந்தது, விற்கவில்லை. இன்று பார்க்கையில் அது விந்தையான தேர்வாகத் தோன்றலாம். அன்றைய சூழலில் அது இயல்பானதே. போருக்குப் பிந்தைய மேற்கு ஜெர்மனியில் ராக் இசையின் மொழி ஆங்கிலம் என்பது எழுதப்படாத விதியாக இருந்தது. நேசப் படைகளின் வானொலி நிலையங்கள் வழியாக அமெரிக்க, பிரிட்டிஷ் இசை இளைஞர்களின் காதுகளை எட்டியது. ஜெர்மன் மொழிப் பாடல் என்றால் ‘ஷ்லாகர்’ என்றே பொருள் கொள்ளப்பட்டது. காதல், விடுமுறை, கடற்கரை, ஏக்கம் எனச் சுழலும் இனிமையான மெல்லிசைப் பாடல்கள் அவை. பெற்றோர் விரும்பிக் கேட்டவை; அதனாலேயே பிள்ளைகள் கேட்க மறுத்தவை.

இன்னொரு தயக்கமும் இருந்தது. நாஜி ஆட்சி 12 ஆண்டுகள் ஜெர்மன் மொழியில்தான் முழங்கியது. அணிவகுப்புப் பாடல்களையும் அம்மொழியிலேயே பாடியது. அடுத்த தலைமுறைக்குத் தாய்மொழியில் உரக்கப் பாடுவதே ஒருவகைக் கூச்சத்தைத் தந்தது. ஆங்கிலம் அந்தச் சுமையற்ற மொழியாக இருந்தது.

1972இல் லிண்டன்பெர்க் ஜெர்மன் மொழிக்கு மாறினார். மறு ஆண்டு வெளியான ‘அல்லெஸ் க்ளார் அவுஃப் டேர் அந்திரெயா டோரியா’ இசைத்தொகுப்பு அவரது பெயரை நாடெங்கும் கொண்டு சென்றது. அந்திரெயா டோரியா என்பது 1956இல் அமெரிக்கக் கரையருகே மூழ்கிய இத்தாலியப் பயணிகள் கப்பல். அக்கப்பலில் எல்லாம் நலமே என்பதுதான் தலைப்பின் பொருள். மூழ்கிய கப்பலில் நலம் என்னவாக இருக்க முடியும்? இந்தக் குறும்பு தொனி ஜெர்மன் பாடலுக்குப் புதிது. அதே ஆண்டில் அவர் அமைத்த இசைக்குழுவின் பெயர் ‘பானிக்ஓர்கெஸ்டர்’, அதாவது பதற்ற இசைக்குழு.

அவரது மொழி மேடைத்தமிழ் போன்ற மேடை ஜெர்மன் அன்று. மதுக்கூடத்திலும் பேருந்து நிறுத்தத்திலும் இளைஞர்கள் பேசிய பேச்சு அது. சொற்களை மெல்லுவதுபோல் வாய்க்குள்ளேயே பாடுவார். குரல்வளம் மிக்கவர் என்று அவரை யாரும் சொல்வதில்லை. ஆனால் அந்த முணுமுணுப்பே ஜெர்மன் மொழியின் கடுமையான ஒலிகளைத் தளர்த்தி, ராக் தாளத்துக்குள் அமரச் செய்தது.

பாடல்களில் அவர் படைத்த மாந்தர்களும் தனித்தன்மை கொண்டவர்கள். ‘ரூடி ராட்லோஸ்’ என்ற பாத்திரம், நாஜி காலத்துப் பெருமைகளை இன்னும் சுமந்து திரியும் முதிய வயலின் கலைஞர். பெயரின் பிற்பகுதிக்குச் செய்வதறியாதவர் என்று பொருள். முன்னும் பின்னும் ஒரே எழுத்தில் தொடங்கும் இத்தகைய பெயர்களை மொழிபெயர்க்க முயன்றால் பொருள் வரும், மோனை போய்விடும்; மோனையைப் பிடித்தால் கேலி நழுவிவிடும். அகராதி உதவாத இடம் இது. அவர் ஏன் ஏற்றுமதியாகவில்லை என்பதற்கு இந்த ஒரு பெயரே போதிய விளக்கம்.

ஜெர்மன் மொழி ராக் இசையைத் தொடங்கியவர் அவர் ஒருவரே எனக் கூறுவது மிகை. ரியோ ரைசர் தலைமையிலான ‘டோன் ஸ்டைனெ ஷெர்பென்’ குழு மேற்கு பெர்லினில் 1970 முதலே ஜெர்மனில் பாடிக்கொண்டிருந்தது. ஆனால் அக்குழுவின் கேட்போர் பெரும்பாலும் இடதுசாரி இளைஞர் வட்டத்தினர். ஜெர்மன் ராக் இசையைச் சாதாரணக் குடும்பங்களின் வரவேற்பறைக்குக் கொண்டு சென்றவர் லிண்டன்பெர்க் என்பதில் ஐயமில்லை.

சுவருக்கு அப்பால் ஒரு ரசிகர் கூட்டம்

1961 முதல் பெர்லின் நகரைச் சுவர் பிரித்திருந்தது. மேற்கு ஜெர்மானியர் ஒரு நாள் அனுமதிச்சீட்டுடன் கிழக்கு பெர்லினுக்குச் சென்று வரலாம். நள்ளிரவுக்குள் திரும்பிவிட வேண்டும். கிழக்கில் வாழ்ந்த சாதாரண இளைஞருக்கு மேற்கே செல்ல வழியே இல்லை. 1973ஆம் ஆண்டு இசைத்தொகுப்பில் இடம்பெற்ற ‘கிழக்கு பெர்லின் பெண்’ என்ற பாடல் இதையே பேசியது. மேற்கிலிருந்து வந்த இளைஞன் கிழக்கில் ஒரு பெண்ணைக் காதலிக்கிறான்; கடிகாரம் பன்னிரண்டை நெருங்க, பிரிய வேண்டியிருக்கிறது. கொள்கை முழக்கம் எதுவும் அப்பாடலில் இல்லை. இரண்டு இளையோர் சேர்ந்திருக்க விரும்புகின்றனர், அவ்வளவே. அலுவல்முறைப் பேச்சுகளில் ‘ஜெர்மானியப் பிரச்சினை’ எனப்பட்ட ஒன்று, கேட்போருக்கு அப்பாடலில் ஒரு காதல் துயரமாக விளங்கியது.

கிழக்கு ஜெர்மனியில் இசைக்கும் ஒதுக்கீடு இருந்தது. பொது நிகழ்ச்சிகளில் ஒலிக்கும் பாடல்களில் 60 விழுக்காடு சோசலிச நாடுகளைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும் என 1958இல் விதி வகுக்கப்பட்டது. வானொலி அலைகளைச் சுவர் தடுக்கவில்லை. மேற்கு நிலையங்களின் ஒலிபரப்பைப் பதிவு செய்து, ஒலிநாடாவிலிருந்து ஒலிநாடாவுக்குப் படியெடுத்து, கிழக்கு இளைஞர்கள் லிண்டன்பெர்க்கைக் கேட்டனர். ஆங்கிலப் பாடலில் இசை மட்டுமே அவர்களைச் சென்றடைந்தது. இவரது பாடலில் ஒவ்வொரு சொல்லும் சென்றடைந்தது; அந்தச் சொற்களில் சில அவர்களைப் பற்றியவையாகவே இருந்தன.

கிழக்கு ஜெர்மனியில் பாட வேண்டும் என்ற விருப்பத்தை லிண்டன்பெர்க் 1970களிலேயே வெளிப்படையாகத் தெரிவித்தார். ஆளும் கட்சியின் பண்பாட்டுத் தலைமை அதனை மறுத்துவிட்டது. உளவு அமைப்பான ‘ஸ்டாஸி’ அவரைப் பற்றிய கோப்பைப் பராமரித்து வந்தது.

1983 பிப்ரவரியில் அவர் ‘பாங்கோவுக்கு ஒரு சிறப்பு ரயில்’ என்ற பாடலை வெளியிட்டார். பாங்கோ என்பது கிழக்கு பெர்லினின் ஒரு பகுதி. கிழக்கு ஜெர்மானிய ஆட்சிபீடத்தைக் குறிக்க மேற்கில் வழங்கிய பெயரும் அதுவே. 1941இல் வெளியான ‘சட்டனூகா சூ சூ’ என்ற அமெரிக்க ரயில் பாடலின் மெட்டில் அது அமைந்தது. கிழக்கு ஜெர்மானியத் தலைவர் எரிக் ஹோனெக்கரை நேரடியாக விளித்து, வேறு பாடகர்களுக்கெல்லாம் அனுமதி உண்டு, எனக்கு மட்டும் ஏன் இல்லை என்று கேட்டது. தலைவரே கதவைச் சாத்திக்கொண்டு இரகசியமாகத் தோல் மேற்சட்டை அணிந்து மேற்கு வானொலியைக் கேட்பவர்தானே என்றும் சீண்டியது.

பாடல் மேற்கில் பெருவெற்றி பெற்றது. கிழக்கில் தடை செய்யப்பட்டது. தடை இருந்தபோதிலும் அது எல்லையைக் கடந்தது. ஒரு நாட்டின் தலைவரை அஞ்சாமல், அதே வேளையில் பகைமையும் இல்லாமல் ஒருவர் கிண்டல் செய்ய முடியும் என்பதே அங்கிருந்தவர்களுக்குப் புதுமையாக இருந்தது. சினம் கொண்ட கண்டனப் பாடலாக இருந்திருந்தால் ஆட்சியாளர்கள் அதனை எளிதாகப் பகைவரின் பரப்புரை எனத் தள்ளியிருப்பார்கள். சிரிக்க வைத்த பாடலுக்கு மறுமொழி சொல்வது அவர்களுக்கு எளிதாக இருக்கவில்லை. இழிவுபடுத்தும் நோக்கம் இல்லை என விளக்கி லிண்டன்பெர்க் ஹோனெக்கருக்குக் கடிதமும் எழுதினார்.

1983 அக்டோபர் 25

அந்த ஆண்டு ஏவுகணைகளின் ஆண்டு. அமெரிக்காவின் பெர்ஷிங் 2 ஏவுகணைகளை மேற்கு ஜெர்மனியில் நிறுவும் திட்டத்துக்கு எதிராக லட்சக்கணக்கானோர் தெருவில் இறங்கியிருந்தனர். லிண்டன்பெர்க்கும் அந்த அமைதி இயக்கத்தின் மேடைகளில் பாடி வந்தார். போர்கள் எதற்கு என்று ஒரு சிறுவன் கேட்பதாக அமைந்த அவரது 1981ஆம் ஆண்டுப் பாடல் பரவலாக அறியப்பட்டிருந்தது. கிழக்கு ஜெர்மானிய அரசுக்கு இது பயன்படக்கூடியதாகத் தோன்றியது. அமெரிக்க ஏவுகணைகளை எதிர்க்கும் புகழ்பெற்ற மேற்கத்தியப் பாடகர் ஒருவரைத் தங்கள் மேடையில் நிறுத்தலாம் அல்லவா?

நிகழ்ச்சி ஏற்பாட்டாளர் ஃபிரிட்ஸ் ரவ் வழியாகப் பேச்சு நடந்தது. அரசின் இளைஞர் அமைப்பு நடத்தும் அமைதி விழாவில் அமெரிக்கப் பாடகர் ஹாரி பெலஃபோன்டேயுடன் லிண்டன்பெர்க்கும் பாடுவார். ‘சிறப்பு ரயில்’ பாடலைப் பாடக் கூடாது. ஈடாக, அடுத்த ஆண்டு கிழக்கு ஜெர்மனி முழுவதும் இசைப்பயணம் மேற்கொள்ள அனுமதி கிடைக்கும். இதுவே உடன்பாடு.

1983 அக்டோபர் 25 அன்று கிழக்கு பெர்லினின் குடியரசு மாளிகையில் அவர் மேடையேறினார். அரங்கில் இருந்தவர்கள் இளைஞர் அமைப்பினரால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். உண்மையான ரசிகர்கள் வெளியே, காவலர்களின் தடுப்புக்கு அப்பால் நின்றனர். லிண்டன்பெர்க் ஒருகட்டத்தில் வெளியே வந்து அவர்களை நோக்கிச் சென்றார். பெயர் சொல்லிக் கூவிய இளைஞர்கள் சிலர் காவலர்களால் பிடித்துச் செல்லப்பட்டனர். உள்ளே அவர் பாடியது ஏறத்தாழ கால் மணி நேரம் மட்டுமே. ஆனால் அந்த நேரத்தில் அமெரிக்க ஏவுகணைகளை மட்டும் கண்டிக்காமல், இரு ஜெர்மனிகளிலும் உள்ள ஏவுகணைகள் அனைத்தும் அகற்றப்பட வேண்டும் என்று மேடையிலேயே கூறினார். விழா நடத்தியவர்கள் எதிர்பார்த்த வாசகம் அதுவன்று.

அந்த இரவு குறித்து இருவேறு கருத்துகள் கூறப்படுவது இயல்பே. அரசு அவரைப் பயன்படுத்திக்கொண்டது என்போர் உண்டு. தடுப்புக்கு வெளியே நின்று பிடிபட்டவர்களை எண்ணினால் அக்குற்றச்சாட்டை எளிதில் ஒதுக்க முடியாது. பாடகருக்கு அன்றிரவே மேற்கே திரும்பும் உரிமை இருந்தது, அவர்களுக்கு இல்லை. மறுபுறம், அந்த மேடையை ஏற்காமல் இருந்திருந்தால் இரு தரப்பு ஏவுகணைகளையும் பற்றிய அந்த வாக்கியம் அங்கு ஒலித்திருக்காது. கிழக்கிலிருந்த ரசிகர்கள் பெரும்பாலோர் அவர் வந்ததையே நினைவில் வைத்தனர், அவரை அழைத்தவர்களை அல்ல. பிற்காலத்தில் அவருக்குக் கிடைத்த வரவேற்பைப் பார்க்கும்போது அவ்வாறே முடிவு செய்ய வேண்டியுள்ளது.

அரசு தன் சொல்லைக் காப்பாற்றவில்லை. 1984ஆம் ஆண்டுக்கான இசைப்பயணம் ரத்து செய்யப்பட்டது.

மேற்சட்டை, ஊதுகுழல், கிதார்

அதன் பின்னரும் லிண்டன்பெர்க் ஹோனெக்கரை விடவில்லை. 1987இல் தன் தோல் மேற்சட்டை ஒன்றை அவருக்குப் பரிசாக அனுப்பினார். ஹோனெக்கர் மறுமொழி எழுதியதுடன், ‘ஷால்மாய்’ என்ற ஊதுகருவியை எதிர்ப்பரிசாக அனுப்பினார். தொழிலாளர் இயக்க ஊர்வலங்களில் ஒலித்த கருவி அது. இளமையில் ஹோனெக்கரே அத்தகைய இசைக்குழு ஒன்றில் இருந்தவர். மேற்சட்டையை அவர் தமக்கு வைத்துக்கொள்ளாமல், ராக் ரசிகர் ஒருவருக்கு வழங்கும்படி இளைஞர் அமைப்பிடம் ஒப்படைத்தார்.

அதே ஆண்டு செப்டம்பரில் ஹோனெக்கர் மேற்கு ஜெர்மனிக்கு அரசுமுறைப் பயணம் மேற்கொண்டார். செப்டம்பர் 9 அன்று, பிரெடெரிக் ஏங்கெல்ஸ் பிறந்த ஊரான வுப்பர்டாலில் அவரை எதிர்கொண்ட லிண்டன்பெர்க், துப்பாக்கிக்குப் பதில் கிதார் என்ற பொருள்பட எழுதப்பட்ட கிதார் ஒன்றைக் கையில் கொடுத்தார். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் அணிந்த பாடகரும், கோட்டு அணிந்து விறைப்பாக நின்ற முதிய தலைவரும் அருகருகே நிற்கும் அந்தப் படம், பிளவுபட்ட ஜெர்மனியின் கடைசி ஆண்டுகளைப் பற்றிய படங்களில் மிகவும் அறியப்பட்ட ஒன்றாகிவிட்டது. இதில் விளம்பர ஆர்வம் இல்லை என்று சொல்ல முடியாது. எனினும் தூதர்களுக்கு இல்லாத உரிமை ஒன்று கோமாளிக்கு உண்டு என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார்.

1989 நவம்பர் 9 அன்று சுவர் திறக்கப்பட்டது. கிழக்கு, மேற்கு மக்களிடையே புரிதலை வளர்த்ததற்காக அதே ஆண்டில் அவருக்கு மேற்கு ஜெர்மனியின் அரசு விருதான கூட்டாட்சித் தகுதிச் சிலுவை வழங்கப்பட்டிருந்தது. 1990 ஜனவரி 6 அன்று துரிங்கியா வட்டாரத்தின் ஸூல் நகரில் லிண்டன்பெர்க்கின் கிழக்கு ஜெர்மனி இசைப்பயணம் தொடங்கியது. ‘கிழக்கு பெர்லின் பெண்’ வெளியாகிப் பதினாறு ஆண்டுகள் கடந்திருந்தன. ரத்தான பயணத்துக்கும் இதற்கும் இடையே ஆறு ஆண்டுகள். அடுத்த பத்து மாதங்களுக்குள் அந்த நாடே இல்லாமற்போனது.

ஓட்டல் அறையில் பல ஆண்டுகள்

விரும்பியது நிறைவேறிய பின் அவரது இசை தளர்ந்தது. 1990களில் வெளிவந்த தொகுப்புகள் முந்தைய வரவேற்பைப் பெறவில்லை. மதுப் பழக்கம் அவரை வாட்டியது; அதனை அவரே பலமுறை பொதுவெளியில் பேசியுள்ளார். ஹாம்பர்க்கின் ஆல்ஸ்டர் ஏரிக்கரையில் உள்ள அட்லாண்டிக் ஓட்டலையே அந்தக் காலம் முதல் நிரந்தர இருப்பிடமாக்கிக்கொண்டார். பரிமாறுநராகப் பயிற்சி பெற்றவர் ஓட்டலில் நிரந்தர விருந்தினரானார். ஓவியமும் வரையத் தொடங்கினார். நீர்வண்ணத்துக்குப் பதிலாக முட்டை மதுவும் நிறமூட்டிய இனிப்பு மதுவகைகளும் அவரது வண்ணங்களாயின.

2006இல் அவரது அண்ணனும் ஓவியருமான எரிக் காலமானார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 2008 மார்ச்சில் ‘ஷ்டார்க் வீ ட்ஸ்வை’ என்ற தொகுப்பு வந்தது. இருவரின் வலிமை எனப் பொருள்படும் அத்தலைப்புப் பாடல் அண்ணனின் மறைவிலிருந்து பிறந்தது. முணுமுணுப்பு அப்படியே இருந்தது. கேலிக்கு அடியில் துயரமும் முதுமையும் சேர்ந்திருந்தன. 62ஆம் வயதை நெருங்கிக்கொண்டிருந்த அவருக்கு, இசைத்தொகுப்புத் தரவரிசையில் அதுவே முதல் முதலிடம். இளமைக்காலப் புகழை மறுபதிப்புச் செய்து வாழும் பாடகர்கள் எந்த நாட்டிலும் உண்டு. புதிய பாடல்களால், அதுவும் அறுபதைக் கடந்து, தன் உச்சத்தைத் தொட்டவர் அரிது.

இதற்கான விதை மொழியில் இருந்தது எனலாம். 1990களில் ஜெர்மன் மொழியில் ராப் பாடும் தலைமுறை ஒன்று எழுந்தது. பேச்சுமொழியில் பாட முடியுமா என்ற கேள்வி அவர்கள் முன் எழவில்லை. அது ஏற்கெனவே தீர்க்கப்பட்டிருந்தது. அந்தத் தலைமுறையைச் சேர்ந்த ஹாம்பர்க் பாடகர் யான் டிலே 2008ஆம் ஆண்டுத் தொகுப்பில் அவருடன் பாடினார். 2011இல் வெளியான ‘எம்டிவி அன்பிளக்டு’ பதிவில், 1973ஆம் ஆண்டுப் பாடலான ‘செல்லோ’வை அவருடன் சேர்ந்து பாடியவர் க்ளூசோ. 1980இல் கிழக்கு ஜெர்மனியின் எர்ஃபுர்ட் நகரில் பிறந்தவர் அவர். அப்பாடல் முதலில் பதிவானபோது அவர் பிறந்திருக்கவில்லை. அவர் பிறந்தபோது அந்நகரில் லிண்டன்பெர்க் பாட அனுமதி இருக்கவில்லை. மறுபதிவு இளையோரிடையே பெரும் வெற்றி பெற்றது.

அதே 2011ஆம் ஆண்டு ஜனவரியில், ஒருகாலத்தில் சுவர் ஓடிய பெர்லினின் போட்ஸ்டாம் சதுக்கத்தில் ‘ஹின்டெர்ம் ஹொரிட்ஸோன்ட்’ என்ற இசைநாடகம் அரங்கேறியது. கிழக்கு பெர்லின் பெண்ணின் கதையை லிண்டன்பெர்க்கின் பாடல்களால் கோத்தவர், கிழக்கு பெர்லினில் பிறந்த எழுத்தாளர் தோமாஸ் புரூசிக். 2016 வரை அது அங்கு நடைபெற்றது. 2014இல் டுசெல்டோர்ஃப், லைப்சிக் நகரங்களின் கால்பந்து அரங்குகளில் அவர் பாடினார். இவற்றில் லைப்சிக், 1989இல் திங்கள்கிழமை ஊர்வலங்களால் கிழக்கு ஜெர்மானிய ஆட்சியை அசைத்த நகரம்.

பிறந்த ஊரான குரோனாவில் 2004இல் திறக்கப்பட்ட ராக், பாப் இசை அருங்காட்சியகம் அவர் பெயர் தாங்கிய சதுக்கத்தில் அமைந்துள்ளது. 2020இல் அவரது இளமைக்காலம் திரைப்படமானது. 2022இல் ஹாம்பர்க் நகரம் அவரைக் கௌரவக் குடிமகனாக அறிவித்தது.

வணிகமும் இதில் கலந்தே உள்ளது. ஹாம்பர்க்கின் ரேப்பர்பான் தெருவில் அவரது வாழ்வைக் காட்சிப்படுத்தும் கட்டணக் கூடம் 2018 முதல் இயங்குகிறது; ரசிகர்களுடன் சொகுசுக் கப்பல் பயணங்களும் நடந்துள்ளன. தொப்பி, கண்ணாடி, சுருட்டு, பச்சைக் காலுறை என அவரது தோற்றமே ஒரு வணிகச் சின்னமாகிவிட்டது. ஆரம்பகாலப் பாடல்களின் கூர்மையை விரும்புவோருக்கு இது சற்று உறுத்தலாம்.

ஆனால் சில நிலைப்பாடுகளை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. 1984இல் புதிய நாஜிகளைச் சாடிப் பாடினார். 1989இல் ‘பல வண்ணக் குடியரசு’ என்ற பொருளில் தலைப்பிட்ட தொகுப்பில், குடியேறிவந்த மக்களும் சேர்ந்ததே ஜெர்மனி என்றார். துருக்கிய வழித்தோன்றலான அபாச்சி 207 உடன் பாடிய பாடல் 2023இல் நாட்டின் விருப்பப் பாடலானதை இந்தப் பின்னணியிலும் பார்க்கலாம்.

அவரது ஆர்வங்களில் ஒன்று இந்தியாவுக்குச் சற்று நெருக்கமானது. எழுத்தாளர் ஹெர்மன் ஹெஸ்ஸேயின் தீவிர வாசகரான அவர், பாடல் எழுதும் இளையோரை ஊக்குவிக்கத் தன் பெயரில் அமைத்த அறக்கட்டளையின் போட்டியை ஹெஸ்ஸே பிறந்த கால்வ் நகருடன் இணைத்தார். ஹெஸ்ஸேயின் தாய்வழிப் பாட்டனார்தான் கேரளத்தின் தலச்சேரியில் பணியாற்றி மலையாள அகராதி தொகுத்த ஹெர்மன் குண்டர்ட். ஹெஸ்ஸேயின் ‘சித்தார்த்தா’ திருலோக சீதாராமின் மொழிபெயர்ப்பில் தமிழிலும் உள்ளது.

மீண்டும் அதே இடத்தில்

1983இல் லிண்டன்பெர்க் பாடிய குடியரசு மாளிகை இன்று இல்லை. ஒருங்கிணைந்த ஜெர்மனி அதனை இடித்து, அவ்விடத்தில் பழைய அரண்மனையின் தோற்றத்தில் ‘ஹம்போல்ட் ஃபோரம்’ என்ற பண்பாட்டு மையத்தை எழுப்பியது. 2023 நவம்பரில் அங்கு நடந்த சேர்ந்திசை நிகழ்ச்சியில் ‘சிறப்பு ரயில்’ பாடலும் இடம்பெற்றது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் அதே இடத்தில் பாடத் தடை விதிக்கப்பட்ட பாடல் அது. இம்முறை ஒரே ஒரு சொல் மட்டும் தவிர்க்கப்பட்டது. ஹோனெக்கரைக் கேலியாகக் குறிக்க லிண்டன்பெர்க் கையாண்ட ‘ஓபர்இண்டியானர்’ என்ற சொல் அது.

அமெரிக்கப் பழங்குடியினரை அச்சொல் புண்படுத்தக்கூடும் என்பது மையத்தின் விளக்கம். உலகின் பல பகுதிகளிலிருந்து கொண்டுவரப்பட்ட இனவியல் பொருள்கள் அக்கட்டடத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டிருப்பதால், அந்த எச்சரிக்கையைப் புரிந்துகொள்ள முடிகிறது. கலைப்படைப்பில் கைவைப்பது தணிக்கையே என்று எதிர்ப்பாளர்கள் வாதிட்டனர். நாளிதழ்களில் பல நாள் விவாதம் நடந்தது.

இந்திய வாசகர்களுக்காக ஒரு சொல் விளக்கம் மட்டும் தேவைப்படுகிறது. ஜெர்மன் மொழியில் ‘இண்டியானர்’ என்பது அமெரிக்கப் பழங்குடியினரை மட்டுமே குறிக்கும். இந்தியாவைச் சேர்ந்தவர்களுக்கு ‘இண்டர்’ என்ற வேறு சொல் உள்ளது.